கண்ணாடி மீன் தொட்டியின் கீறலும் மெருகேற்றும் கலையின் வரலாறும்

நான் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் மூன்றடி நீளமுள்ள கண்ணாடி மீன் தொட்டி ஒன்று இருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் அதன் முன்பக்கக் கண்ணாடி முழுவதும் பாசி படிந்திருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, யாரும் சொல்லாமலேயே, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தொட்டியைச் சுத்தம் செய்தாள். பாசி போய்விட்டது. ஆனால் தொட்டியின் அடியிலிருந்த மணல் நாரில் சிக்கியிருந்ததால், கண்ணாடி முழுவதும் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது. அழுதுகொண்டு நின்றவளிடம், "பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் அம்மா" என்று நான் சொன்னேன். அவள் இரண்டு நாள் மதிய உணவு இடைவேளையில் தேய்த்தாள். கீறல் போகவில்லை.

நான் சொன்னது தவறு. ஏன் தவறு என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் முழுமையாக அறிந்தேன். கண்ணாடியில் விழுந்த கீறலை நீக்குவது என்ற சிறிய கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுத் தொழில் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நமது குமரி மாவட்டக் கடற்கரை மணலுக்கும் ஓர் இடம் உண்டு.

கீறல் என்பது என்ன?

ஒரு பொருளைவிடக் கடினமான இன்னொரு பொருள் அதன்மீது அழுந்தி நகரும்போது கீறல் உண்டாகிறது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் அளவுகோலை ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்தார். அந்த அளவுகோலில் சாதாரணக் கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5.5. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. எனவே மீன் தொட்டியில் போடும் ஆற்று மணலின் ஒரு துகள் போதும், கண்ணாடியைக் கீறிவிடும். காந்தத் துடைப்பானுக்கும் கண்ணாடிக்கும் இடையே மணல் துகள் சிக்குவதே வீட்டுத் தொட்டிகளில் கீறல் விழ முக்கியக் காரணம்.

பல பற்பசைகளில் தேய்ப்புப் பொருளாக இருப்பது கால்சியம் கார்பனேட். அதன் கடினம் 3 மட்டுமே. கண்ணாடியைவிட மென்மையான அந்தத் தூளைக் கொண்டு எத்தனை நாள் தேய்த்தாலும் கண்ணாடி தேயாது; மேலே படிந்த அழுக்குதான் போகும். அந்த மாணவி இரண்டு நாள் செய்த வேலையின் பயன் அவ்வளவே.

இன்னொரு முக்கிய உண்மையும் உண்டு. கீறல் என்பது கண்ணாடியின்மேல் ஒட்டிய ஒரு பொருள் அன்று. கண்ணாடி இல்லாமல் போன ஓர் இடம், ஒரு பள்ளம். பள்ளத்தைத் துடைத்து எடுக்க முடியாது. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் தேய்த்து இறக்கினால்தான் பள்ளம் மறையும். இதைத்தான் கண்ணாடித் தொழிற்சாலைகள் பல தலைமுறைகளாகச் செய்து வந்தன.

தேய்த்துச் சமன் செய்த கண்ணாடி

பதினேழாம் நூற்றாண்டு வரை பலகைக் கண்ணாடி என்பது வாயால் ஊதிச் செய்யப்பட்டது. ஊதிய உருளையை வெட்டி விரித்துப் பலகையாக்குவார்கள். அதன் பரப்பு அலை அலையாக இருக்கும், அளவும் சிறியது. பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், வெனிஸ் நகரக் கண்ணாடிக்குச் செல்லும் பணத்தைத் தடுக்க 1665-இல் அரச கண்ணாடி நிறுவனம் ஒன்றைத் தொடங்கச் செய்தார். இன்றைய சான்-கோபேன் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் 1684-இல் முடிக்கப்பட்டபோது அதில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. பெரிய கண்ணாடி செய்யும் வழி இல்லாததால், ஒவ்வொரு வளைவிலும் சிறு கண்ணாடிகளை அடுக்கியே நிரப்ப வேண்டியிருந்தது.

அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸில் வார்ப்பு முறை நடைமுறைக்கு வந்தது. உருகிய கண்ணாடியை உலோக மேசையில் ஊற்றி, உருளையால் பரப்பி, பல நாட்கள் மெல்லக் குளிர வைத்தார்கள். பெரிய பலகை கிடைத்தது. ஆனால் அதன் இரு முகங்களும் சொரசொரப்பாக, ஒளி ஊடுருவாமல் மங்கியிருந்தன. இங்கேதான் தேய்ப்பு வேலை தொடங்கியது. பலகையை மேசையில் அசையாமல் பதித்து, அதன்மேல் இன்னொரு சிறிய கண்ணாடிப் பலகையை வைத்து, இடையே ஈர மணலை இட்டு அரைத்தார்கள். பிறகு நுண்மணல், அதன்பின் எமரித் தூள் என்று படிப்படியாக நுண்மையான தூளுக்கு மாறினார்கள்.

எமரி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த குருந்தக்கல். 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'கொரண்டம்' என்ற சொல் பிறந்தது. கடினம் 9 கொண்ட இக்கல்லின் தூள் நம் நாட்டில் சாணைக்கல் செய்யப் பயன்பட்டது.

எமரியால் தேய்த்து முடித்த பிறகும் கண்ணாடி பனி படிந்ததுபோல் மங்கலாகவே இருக்கும். இறுதிக் கட்டமாக, அழுத்திய கம்பளித் துணியில் 'ரூஜ்' என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடுத் தூளை நீரில் குழைத்துத் தடவித் தேய்ப்பார்கள். அப்போதுதான் கண்ணாடி தெளியும். ஒரு முகம் முடிந்ததும் பலகையைத் திருப்பிப்போட்டு மறு முகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் ரேவன்ஹெட் என்ற இடத்தில் 1773-இல் நிறுவப்பட்ட வார்ப்புக் கண்ணாடித் தொழிற்சாலை, 1780-களின் இறுதியில் இந்தத் தேய்ப்பு வேலைக்கு நீராவி எந்திரத்தைக் கொண்டுவந்தது. கையுழைப்பு குறைந்தது. ஆனால் முறை மாறவில்லை: பெரிய கீறல்களைச் சிறிய கீறல்களாக்கி, சிறியவற்றை மேலும் சிறியவையாக்கி, கடைசியில் மெருகேற்றுவது.

மீன் தொட்டி பிறந்த கதை

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிரினங்களை வைத்து ஆராய்ந்த முன்னோடி ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. இவர் 1832-இல் சிசிலித் தீவில் தம் ஆய்வுக்காக அத்தகைய தொட்டிகளைச் செய்துகொண்டார். இங்கிலாந்தின் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்து வளர்த்தார். தாவரத்தின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. கலத்தின் சுவரில் பாசி படிந்தது. அவர் நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன. இந்தச் சமநிலை குறித்து அவர் 1850-இல் லண்டன் வேதியியல் கழகத்தில் தெரிவித்தார். மீன் தொட்டியின் முதல் துப்புரவாளர் நத்தைதான். கண்ணாடியில் ஒரு கீறலும் விழாமல் அது தன் வேலையைச் செய்தது.

இந்தப் பொழுதுபோக்கு பரவியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. பிரிட்டனில் கண்ணாடி மீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. கண்ணாடி விலை குறைந்தது. லண்டன் ரீஜென்ட் பூங்கா விலங்கியல் தோட்டத்தில் 1853-இல் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது.

சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் ஒரு கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான அது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

மெருகு எப்படி உண்டாகிறது?

தேய்ப்பும் மெருகும் ஒரே வேலையின் இரு அளவுகளா, அல்லது வெவ்வேறு வேலைகளா? இந்தக் கேள்வி அறிவியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. தொலைநோக்கிக்கான ஆடிகளைத் தம் கையாலேயே மெருகேற்றியவர் ஐசக் நியூட்டன். 1704-இல் வெளியான 'ஒளியியல்' நூலில், தூள் நுண்மையாக ஆக, கீறல்களும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகின்றன என்பதே மெருகு என்று அவர் விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராலே பிரபு இதை மறுத்தார். தேய்க்கும்போது கண்ணாடி துண்டு துண்டாகப் பெயர்கிறது; மெருகேற்றும்போதோ கிட்டத்தட்ட மூலக்கூறு அளவில் கரைந்து போகிறது என்பது அவர் கருத்து. ஜார்ஜ் பெயில்பி என்பவர், மெருகேற்றும்போது மேற்பரப்பு மெல்லிய படலமாக வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார். 1990-இல் லீ குக் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வேதியியல் பக்கத்தைத் தெளிவாக்கியது: நீர் கண்ணாடியின் மேற்பரப்பை இளக்குகிறது, மெருகுத் தூளின் துகள் அந்த இளகிய பரப்போடு தற்காலிகமாகப் பிணைந்து, நகரும்போது சிறிதளவைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. அதனால்தான் உலர்ந்த தூளால் கண்ணாடியை மெருகேற்ற முடியாது. நீர் இங்கே குளிர்விப்பதற்கு மட்டும் இல்லை. வேலையில் பாதி அதனுடையது.

மணவாளக்குறிச்சி மணல்

இந்த வேதிப் பிணைப்பில் சிறந்து விளங்குவது சீரியம் ஆக்சைடு. சீரியம் 1803-இல் சுவீடனில் பெர்சீலியஸ், ஹிசிங்கர் இருவராலும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தாலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. நெடுங்காலம் அதற்குப் பெரிய பயன் இல்லை. 1891-இல் ஆஸ்திரியாவின் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக், எரிவாயு விளக்கின் மேன்டிலுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கலவையைக் கண்டார். பழைய தலைமுறையினர் திருமண வீடுகளில் பார்த்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணிற வலை அந்த மேன்டில்தான்.

தோரியத்துக்காக உலகெங்கும் மோனசைட் என்ற கனிமத்தைத் தேடினார்கள். 1909-இல், அதாவது மெரினாவில் மீன் காட்சியகம் திறந்த அதே ஆண்டில், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், மணவாளக்குறிச்சியிலிருந்து ஏற்றுமதியான தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த அவ்வூர், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

மோனசைட்டில் தோரியத்தைவிட சீரியமே மிக அதிகம். தோரியத்தை எடுத்தபின் எஞ்சிய சீரியத்தை என்ன செய்வதென்று தொழிற்சாலைகள் திகைத்தன. சிகரெட் லைட்டரின் தீக்கல் ஒரு வழி. 1930-களிலும் 1940-களிலும் ஒளியியல் கண்ணாடித் தொழிலில் ரூஜுக்கு மாற்றாக சீரியம் ஆக்சைடு நுழைந்தது. அது ரூஜைவிட விரைவாக மெருகேற்றியது. கையையும் துணியையும் அந்த அளவுக்குச் சிவப்பாக்கவும் இல்லை. விடுதலைக்குப் பின் 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டு, கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை 1952-இல் இயங்கத் தொடங்கியது. மணவாளக்குறிச்சியிலும் அந்நிறுவனத்தின் மணல் பிரிப்பு ஆலை உள்ளது. இன்று கண்ணாடிக் கீறலுக்கென்று கடைகளில் விற்கும் வெளிர்நிறத் தூள், பெரும்பாலும் இந்த சீரியம் ஆக்சைடுதான்.

தேய்ப்பை ஒழித்த மிதவைக் கண்ணாடி

இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் இருந்த பில்கிங்டன் நிறுவனத்தில் அலஸ்டர் பில்கிங்டன் என்ற பொறியாளர் பணிபுரிந்தார். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டால், அதன் கீழ்முகம் திரவத்தின் சமதளத்தையும், மேல்முகம் தீயில் உருகிய மழமழப்பையும் பெறும் என்பது அவருடைய எண்ணம். 1952-இல் தொடங்கிய முயற்சி ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1959 ஜனவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். கண்ணாடி ஏறத்தாழ 600 பாகையில் இறுகி வெளியேறும்போதும் அது திரவமாகவே இருக்கும். இந்த இடைவெளிதான் முறையின் உயிர்நாடி.

இதன்பின் மணலும் எமரியும் ரூஜும் கண்ணாடி ஆலையிலிருந்து விடைபெற்றன. இன்று நம் வீட்டு மீன் தொட்டியின் கண்ணாடி எந்தத் தேய்ப்புத் தூளும் படாமல் பிறந்தது. அதில் விழும் முதல் கீறல் நம் கையால் விழுவது. பரப்பு முழுவதும் குறையற்றிருப்பதால் அந்த ஒரு கீறல் உடனே கண்ணில் படுகிறது. அதை நீக்க முயல்பவர், ஆலைகள் கைவிட்ட பழைய வேலையைத் தம் வீட்டில் மீண்டும் தொடங்குகிறார்.

1960-களில் சிலிகோன் பசை வந்ததும், இரும்புச் சட்டமும் மக்கும் இல்லாமல் முழுக் கண்ணாடித் தொட்டிகள் செய்ய முடிந்தது. பெரிய காட்சியகங்கள் அக்ரிலிக் பலகைக்கு மாறின. ஜப்பானின் ஒகினாவா தீவில் 2002-இல் திறக்கப்பட்ட சுராவுமி மீன் காட்சியகத்தின் பெரும் பலகை 22.5 மீட்டர் நீளமும் 8.2 மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் தடிமனும் கொண்டது. அக்ரிலிக் எளிதில் கீறிவிடும். ஆனால் மென்மையானது என்பதால், நுண்மையான தேய்ப்புத் தாள்களை வரிசையாகப் பயன்படுத்தி எளிதில் மெருகேற்றவும் முடியும். நீரில் மூழ்குவோர் தொட்டிக்குள் இருந்தபடியே அதைச் செய்கிறார்கள். கண்ணாடிக்குச் சொன்னது அக்ரிலிக்குக்குப் பொருந்தாது. அக்ரிலிக்குக்குச் சொன்னது கண்ணாடிக்குப் பொருந்தாது.

கீறலும் கண்ணாடியின் வலிமையும்

கீறல் அழகைக் கெடுக்கும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. இங்கிலாந்தின் விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட கட்டுரை, கண்ணாடி அதன் அணுப் பிணைப்புகள் தாங்க வேண்டிய விசையைவிட மிகக் குறைந்த விசையில் உடைவதற்குக் காரணம் மேற்பரப்பிலுள்ள நுண்வெடிப்புகளே என்று காட்டியது. வெடிப்பின் முனையில் விசை குவிகிறது. இழுவிசை வெடிப்பைத் திறக்கும். ஈரம் அதை மெல்ல வளர்க்கும்.

இதை நம் தொட்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். முன் கண்ணாடி 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நீர் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். சராசரி ஆழம் 22.5 சென்டிமீட்டர், பரப்பு 4,050 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 91 கிலோ எடைக்குச் சமம். நன்கு வளர்ந்த ஒரு மனிதர் இரவும் பகலும் அதன்மேல் சாய்ந்திருப்பதுபோல் அது. இந்தத் தள்ளலால் கண்ணாடி வெளியே சற்றுப் புடைப்பதால், வெளிமுகத்தின் நடுப்பகுதி இழுவிசைக்கு உள்ளாகிறது. அங்கே உள்ள ஆழமான கீறலை வெறும் அழகுக் குறையாக எண்ணக் கூடாது.

இன்று என்ன செய்யலாம்?

வரலாறு கற்றுத் தந்ததைக் கொண்டு சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலில், அது கீறல்தானா என்று பார்க்க வேண்டும். கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் விட்டுச் செல்லும் வெள்ளை உப்புப் படிவு கீறல்போலத் தோன்றும். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் அது கரைந்துவிடும்.

இரண்டாவது, நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் சிக்காத மெல்லிய கீறல் சீரியம் ஆக்சைடுக்கு இணங்கலாம். நகம் சிக்கினால் மெருகுத் தூளால் பயனில்லை. கீறல் 0.05 மில்லிமீட்டர் ஆழம் என்றாலும், சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அந்த அளவுக்கு இறக்க வேண்டும். கீறல் உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, அது வில்லைபோல் செயல்படும். மீன் அவ்விடத்தைக் கடக்கும்போது உருவம் நெளியும்.

மூன்றாவது, கீறல் உள்முகத்திலா வெளிமுகத்திலா என்று அறிய வேண்டும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, நீருடையது 1.33, காற்றுடையது 1. கண்ணாடியும் காற்றும் சேரும் பரப்பில் ஒளியின் 4 விழுக்காடு எதிரொளிக்கிறது. கண்ணாடியும் நீரும் சேரும் பரப்பில் 0.4 விழுக்காடுதான். அதனால் உள்முகக் கீறலை நீர் நிரப்பியதும் பெரும்பகுதி மறைந்துவிடும். அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

மெருகேற்றுவதாக இருந்தால் மீன்களை வேறு கலத்துக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து, தூளை நீரில் குழைத்து, கம்பளிச் சக்கரத்தை மெதுவான வேகத்தில் இயக்க வேண்டும். பரப்பு உலரவும் கூடாது, சூடேறவும் கூடாது. ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடி வெடிக்கும். முடிந்ததும் தூள் துளியும் எஞ்சாமல் கழுவ வேண்டும். கடினமூட்டிய கண்ணாடியை ஆழமாகத் தேய்க்கக் கூடாது. அதன் வலிமை மேற்பரப்பில்தான் இருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த கரைசல்களை வீட்டில் தொடவே கூடாது. அது தோல் வழியே உள்ளே சென்று எலும்பு வரை பாதிக்கும் நஞ்சு. வெளிமுகத்தில் ஆழமான கீறலோ விளிம்பில் வெடிப்போ இருந்தால், பலகையை மாற்றுவதே ஒரே வழி.

முடிவுரை

வெர்சாய்க் காலத்திலிருந்து 1959 வரை, தெளிந்த பெரிய கண்ணாடி ஒவ்வொன்றின் பின்னாலும் நாள்கணக்கான தேய்ப்பு இருந்தது. அந்த உழைப்பு மறைந்துவிட்டதால், கீறலை அகற்றுவது துடைப்பதைப்போல எளிய வேலை என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

அந்த ஆய்வகத் தொட்டியின் கீறல்கள் உள்முகத்தில் இருந்தன, நகத்தில் சிக்காதவை. நீர் நிரப்பி மீன்களை விட்டிருந்தால் போதும், பாதிக்குமேல் தெரிந்திருக்காது. பற்பசை தேவையே இல்லை. அந்த மாணவிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே செய்திகள்: இந்தக் கீறலால் தொட்டிக்கு ஆபத்து இல்லை, அடுத்த முறை மணல் படாத மென்துணியை எடுத்துக்கொள். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு அதைச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.